பட்லர் இங்கிலீஷ்: நம் முன்னோர் வேலையிடத்தில் கற்ற மொழி



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றிப் பேச நினைக்கிறோம். வேலை செய்யும் இடத்தில் பேசவும் படிக்கவும் வேண்டிய கொஞ்சம் ஆங்கிலம், அவ்வளவுதான். இலக்கிய ஆங்கிலமோ பட்டப்படிப்பு ஆங்கிலமோ அல்ல. இது ஒரு நினைவுச் சொற்பொழிவுக்குரிய பொருளா என்று சிலர் கேட்கலாம். நம் பார்வையில் இதற்குள் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் ஒரு சம்பவம். நம் தெருவைச் சேர்ந்த பெண் ஒருவர் தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒருநாள் மேற்பார்வையாளர் நான்கு தாள்களை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார், இவரும் போட்டார். அடுத்த மாதம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டபோது, 'நீயாகத்தானே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தாய்' என்றார்கள். நான்கு தாள்களில் ஒன்று ராஜினாமா கடிதம். டூட்டி, ஷிப்ட், லீவு, வார்டு, டெட்டால், ஸ்ட்ரெச்சர் என்று நாளெல்லாம் ஆங்கிலச் சொற்களோடு புழங்கிய அந்த அக்காவுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. 'படிச்சுப் பாத்துட்டுப் போடறேன்னு சொல்ல வாய் வரலப்பா' என்றார் எங்களிடம்.

ஏன் வாய் வரவில்லை? அவருடைய கூச்சம் என்று இதை முடித்துவிட முடியாது. வேலையிடத்தில் நமக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும் என்பதை நெடுங்காலமாக வேறு யாரோ அளந்து கொடுத்துவந்திருக்கிறார்கள். அந்த அளவையின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு ஆங்கிலங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் இரண்டு வகை மனிதர்கள் ஆங்கிலேயரை நெருங்கி நின்றார்கள். ஒருவர் துபாஷ், இரு மொழி அறிந்தவர். வணிகம், கடன், குத்தகை, நில விவகாரம் எல்லாம் அவர் வழியாக நடந்தன. துபாஷிகள் பெரும்பாலும் நிலமும் பணமும் கொண்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். இன்னொருவர் வீட்டுக்குள் நின்றவர்: பட்லர், சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர், குதிரைக்காரர்.

மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சாராயமும் புழங்கும் துரை வீட்டுச் சமையலறைக்குள் சாதி இந்துக்கள் நுழையத் தயங்கினார்கள். அந்த இடத்தைப் பறையர்களும், கிறித்தவர்களும், முஸ்லிம்களும் நிரப்பினார்கள். ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட கை, நாட்டை ஆண்டவனின் தட்டில் சோறு பரிமாறியது. நம் முன்னோரில் ஒரு பகுதியினர் ஆங்கிலத்தைக் காதால் கேட்டுக் கற்றது இப்படித்தான். அவர்களுக்குப் பலகையோ புத்தகமோ வாத்தியாரோ இருந்ததில்லை.

துபாஷியின் ஆங்கிலம் சொத்தாக மாறியது, அறக்கட்டளையாகவும் கல்லூரியாகவும் மாறியது. 1754 முதல் 1794 வரை வாழ்ந்த துபாஷ் பச்சையப்ப முதலியாரின் செல்வத்திலிருந்து எழுந்த கல்வி நிறுவனம் நெடுங்காலம் நம் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கவில்லை. பட்லரின் ஆங்கிலத்துக்கோ கேலிப் பெயர் மிஞ்சியது.

கேலி என்று சும்மா சொல்லவில்லை. 1886-இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் 'பட்லர் இங்கிலீஷ்' என்று தனிப் பதிவே இருக்கிறது. சென்னை மாகாண வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்று அது விளக்குகிறது. 'ஐ டெல்லிங்' என்றால் சொல்வேன், 'ஐ டன் டெல்' என்றால் சொல்லிவிட்டேன், 'ஃபேமிலி' என்றால் மனைவி என்று உதாரணங்களும் தருகிறது. மனைவியைச் 'சம்சாரம்' என்று தமிழில் சொல்கிறவர் ஆங்கிலத்தில் 'ஃபேமிலி' என்று சொன்னதில் என்ன உடைசல்? சொல்லிவிட்டேன் என்பதில் வேலை முடிந்ததைக் காட்டும் 'விட்டேன்' எப்படி ஒட்டி நிற்கிறதோ, அப்படித்தான் அந்த 'டன்' நிற்கிறது. நம்மவர்கள் தம் மொழியின் எலும்புக்கூட்டின் மேல் அயல்மொழிச் சொற்களைப் போர்த்திப் பேசினார்கள். பள்ளிக்கூடம் இல்லாமல் வேலையின் நடுவில் மொழி கற்கும் மனிதர்கள் உலகின் பல இடங்களில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பதிவில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. வேலைக்காரர்கள் மட்டுமல்ல, எஜமானர்களும் வேலைக்காரர்களிடம் இதே பேச்சைத்தான் பேசினார்களாம். இதை ஒரு விசித்திரம் என்று அகராதிக்காரர்களே குறிப்பிடுகிறார்கள். அப்படியானால் அந்த மொழியை உடைத்தது இரு தரப்பும்தான். பெயர் மட்டும் பட்லரின் தலையில் விழுந்தது. 1878-இல் சென்னையில் வெளியான கென்னி-ஹெர்பர்ட்டின் சமையல் நூலில் சமையற்காரர் எல்லாரையும் குறிக்க 'ராமசாமி' என்ற ஒரே பெயர் வருகிறது. பேச்சுக்குக் கேலிப் பெயரும் ஆளுக்குப் பொதுப் பெயருமாக, வேலை செய்தவனின் சொந்தப் பெயர் எங்குமே பதிவாகவில்லை.

ஓர் ஆழாக்குப் பால்

1891-இல் ஹியூகோ ஷூகார்ட் என்ற மொழியியல் அறிஞர் இந்தியாவில் வழங்கிய ஆங்கிலம் பற்றி எழுதிய கட்டுரையில் ஓர் ஆயாவின் வாக்குமூலம் இடம்பெற்றிருக்கிறது. அதன் சாரம் இது: பட்லர் தினமும் ஓர் ஆழாக்குப் பாலைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார், மற்ற வேலையாட்களுக்கு அரை அரை ஆழாக்குக் கொடுக்கிறார், இது வெட்கக்கேடு என்று சொன்னால் துரையின் உத்தரவு என்கிறார், ஏழை ஆயா நான் என்ன சொல்ல முடியும்? 'ஆழாக்கு' என்ற நம் சொல்லும் 'ஒல்லக்' என்று அதில் ஏறியிருக்கிறது.

அறிஞர்கள் இந்த வரிகளை இலக்கணப் பிழைகளுக்கு எடுத்துக்காட்டாகப் படித்தார்கள். நாம் அதைச் சாட்சியமாகப் படிப்போம். யார் எடுத்தார், எவ்வளவு எடுத்தார், எத்தனை நாளாக, யார் பெயரைச் சொல்லி எடுத்தார், கேட்டபோது என்ன பதில் வந்தது, தன் நிலை என்ன என்று எல்லாமே அதில் இருக்கின்றன. ஒரு புகார் மனுவுக்கு வேண்டிய எதுவும் விடுபடவில்லை. வேலையிட ஆங்கிலம் தெளிவாக இருந்தால் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சமையலறையில் பட்லருக்குக் கீழே மற்றவர்கள் இருந்தார்கள் என்பதையும் அந்த ஆயா காட்டிக்கொடுக்கிறார். துரையின் மொழி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர் துரையின் பெயரால் மற்றவர்களின் பாலை அளந்தார். இன்று நம்மிடையே ஆங்கிலம் தெரிந்த மேற்பார்வையாளர், ஒப்பந்தக்காரரின் கையாள் என்று சிலர் உருவாகும்போது, அவர்களும் நம்மவர்களாகவே இருந்தாலும், இந்த ஆழாக்கை மறந்துவிடக் கூடாது.

பட்லர் வீட்டுச் சுவடி

பண்டிதர் அயோத்திதாசர் 1845-இல் பிறந்தார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச் சுவடிகளைக் கந்தப்பன் ஆரிங்டனிடம் கொடுத்தார், அவை எல்லீஸ் துரையின் கைக்குப் போய் அச்சேறின என்று பண்டிதரே எழுதுகிறார்.

ஒரு பட்லரின் வீட்டில் குறள் சுவடி இருந்திருக்கிறது என்பதை மட்டுமே நாம் வழக்கமாகப் பெருமையோடு சொல்கிறோம். அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே கற்ற பேச்சைக் கொண்டுதான் கந்தப்பன் துரையிடம் அந்தச் சுவடியைப் பற்றிப் பேசியிருக்க முடியும். உப்பையும் காரத்தையும் பற்றிப் பேசக் கற்ற வாய், தன் வீட்டு அறிவைப் பற்றியும் பேசியது. வேலைக்கு என்று கொடுக்கப்பட்ட மொழி வேலையோடு நின்றுவிடவில்லை.

அந்தப் பாட்டனாரின் பேரன் 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே நிறைவேறிய பத்துத் தீர்மானங்களில் கல்வியும் அரசு வேலையும் இடம்பெற்றன. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவரும் அவரே. தமிழில் இதழ், ஆங்கிலக் கல்விக்குக் கோரிக்கை என்ற இரண்டையும் அவர் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தவில்லை.

அளந்து கொடுத்த கல்வி

1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அத்தகைய பள்ளிகள் சென்னையில் பெருகின. பண்டிதர் அவரோடு நெருக்கமாக இருந்தார், 1898-இல் இருவரும் இலங்கைக்குச் சென்று வந்தார்கள். அந்தப் பள்ளிகள் நம் சேரிகளுக்குச் செய்த நன்மையை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அவற்றின் நோக்கம் தொடக்கக் கல்விதான். எழுத்து, கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், சமையல் என்று, பிள்ளைகள் நாளை எந்த வீட்டில் எந்த வேலைக்குப் போவார்கள் என்பதை மனத்தில் வைத்தே பாடங்கள் அமைந்தன.

நல்லெண்ணம் கொண்டவர்களும் நமக்கான ஆங்கிலத்தை அளந்துதான் கொடுத்தார்கள் என்பது நாம் எதிர்கொள்ள வேண்டிய உண்மை. வேலைக்காரனாகப் போகிறவனுக்கு 'எஸ் சார்' போதும், 'ஒய் சார்' வேண்டாம் என்பதுதான் அந்த அளவு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அந்த அளவும் கிடைக்கவில்லை. தமிழகத்திலிருந்து அங்கே போன தொழிலாளர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அவர்கள் ஆங்கிலம் கற்பதை விட, துரை கொஞ்சம் தமிழ் கற்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருந்தது. புதிதாக வந்த சின்னத் துரைகளுக்காகக் கொழும்பில் அச்சான ஒரு தமிழ்க் கையேட்டின் பெயரே 'இங்கே வா'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. நம் தாய்மொழியில் அவர்கள் தேடிக் கற்றது ஏவல் வினையை. வாங்க, போங்க என்பதற்கு அந்தத் தோட்டத்தில் இடம் இல்லை.

தொழிலாளர்களோ ஆங்கிலச் சொற்களைத் தம் நாக்குக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். 'லைன்' லயமானது, காலை 'பரேடு' பிரட்டானது, வருகைப் பதிவேடு செக்ரோலானது. குடியிருப்பு, அணிவகுப்பு, பெயர்ப்பதிவு ஆகிய மூன்றும் அவர்களை அடைத்து வைத்த ஏற்பாடுகள். அந்த ஏற்பாடுகளின் பெயர்கள்தான் அவர்களுக்கு முதலில் வந்து சேர்ந்தன. உரிமைகளின் பெயர்கள் வெகுகாலம் கழித்தே வந்தன.

மனுவின் நீளம்

இந்த அளவை உடைத்தவர்களில் முதன்மையானவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனிகளில் கணக்கராக வேலை பார்த்தவர். அவருடைய ஆங்கிலமும் வேலையிடத்தில் பட்டை தீட்டப்பட்ட ஆங்கிலம்தான். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு, இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. இங்கே தேர்வு வைத்தால் ஏற்கெனவே படித்த மேல்சாதியார் கையில் முழு நிர்வாகமும் போய்விடும், ஊரில் நம்மை ஒடுக்குகிறவரே அதிகாரியாகவும் வந்து உட்காருவார் என்று நம்மவர்கள் அஞ்சினார்கள். 1893 டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூடி, 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 112 அடி நீளமுள்ள மனு என்று தாத்தா தம் வரலாற்றில் எழுதுகிறார்.

அந்த நிலைப்பாட்டை இன்று பலவாறு விவாதிக்கலாம். ஆனால் அந்தத் தாளைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். 'எஸ் சார்' அளவுக்கு மட்டும் மொழி கொடுக்கப்பட்ட ஒரு மக்கள், அதே மொழியில் 'எங்களுக்கு இதில் சம்மதம் இல்லை' என்று 112 அடிக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மனுவை எழுதியவர்கள் சிலர், அதற்குப் பின்னால் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒருவருடைய ஆங்கிலம் ஊருக்கே பயன்படலாம், அவர் ஊரோடு நிற்கும் வரை.

பின்னர் தாத்தா தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன தமிழர்களில் நம் மக்கள் ஏராளம். ஒப்பந்தம் ஒரு மொழியில், கைநாட்டு வைத்தவர் வேறு மொழியில். அப்படிப்பட்ட ஊரில் நீதிபதிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுக்கும் வேலையின் கனத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு திரும்பிய பின், 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலைகளும் கிணறுகளும் நமக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930-இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார்.

நாம் இன்றும் போராடிவரும் பஞ்சமி நிலத்தின் கதையும் இதுதான். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையும் ஆங்கிலத்தில் இருந்தன. நிலம் நம் பெயரில், காகிதம் நாம் படிக்க முடியாத மொழியில். அந்த இடைவெளிக்குள் புகுந்துதான் எத்தனையோ ஏக்கர்கள் கைமாறின.

கோலார் தங்கவயலையும் இங்கே நினைக்க வேண்டும். 1880களில் தொடங்கி 2001-இல் மூடப்படும் வரை அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன நம் மக்கள். 1930-இல் நிர்வாகம் எல்லாருடைய கைரேகையையும் பதிய முற்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். படிக்கத் தெரியாத தாளில் விரலை வைப்பது எதில் கொண்டுபோய் விடும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று நான்கு தாள்களில் கையெழுத்திட்ட நம் அக்காவின் கதையை அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

வணங்கவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்

இங்கே இரண்டு குரல்கள் எழும். ஒன்று, ஆங்கிலமே நம் விடுதலை என்கிறது. சாவித்திரிபாய் பூலே 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தைத் தாயாகப் போற்றிப் பாடினார். சந்திரபான் பிரசாத் 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் ஒரு கிராமத்தில் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்ட அடிக்கல் போட்டார். அந்தக் குரலின் வலியும் வேட்கையும் நமக்குப் புரிகின்றன. மற்றொன்று, தமிழ் இருக்க ஆங்கிலம் எதற்கு என்கிறது. அதைச் சொல்பவர்களில் பலர் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அண்ணல் 1920-இல் 'மூக்நாயக்' இதழை மராத்தியில் நடத்தினார், 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையை ஆங்கிலத்தில் அச்சிட்டார். தம் மக்களோடு அவர்கள் மொழியில், அதிகாரத்தோடு அதிகாரத்தின் மொழியில் என்பது பண்டிதருக்கும் தாத்தாவுக்கும் கூடப் பொருந்தும். மொழியை அவர்கள் வாசலாகப் பார்த்தார்கள், தெய்வமாக்கவில்லை.

தமிழிலேயே தாள் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. தொழிற்சாலையில் ஒட்டப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவே சொன்னது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 59ஆம் பிரிவு சொன்னது. இவற்றைக் கேட்டுப் பெறுவதும் ஆங்கிலம் கற்பதும் ஒரே போராட்டத்தின் இரு கைகள்.

ஆகவே நம் மாலை வகுப்பில் பாடத்தை மாற்றியிருக்கிறோம். கடைகளில் விற்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் 'குட் மார்னிங் சார்', 'தேங்க் யூ சார்', 'சாரி சார்' என்று தொடங்குகின்றன. அவை பட்லருக்கு அளந்த ஆழாக்கின் மிச்சம். நாங்கள் சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குகிறோம். பேசிக், டிடக்‌ஷன், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஓவர்டைம், நெட் பே என்று அவரவர் சீட்டை அவரவரே கொண்டுவந்து வரிவரியாகப் படிக்கிறோம். அடுத்து, எதிர்ப்பட்டால் கையெழுத்திடும் முன் நிறுத்த வேண்டிய சொற்கள்: ரெசிக்னேஷன், வாலண்டரி, ஃபுல் அண்ட் ஃபைனல், நோ கிளெய்ம்.

அதன் பிறகுதான் வாக்கியங்கள். 'ஐ வில் ரீட் அண்ட் சைன்.' 'ப்ளீஸ் கிவ் மீ எ காப்பி.' 'திஸ் ஜாப் இஸ் நாட் சேஃப், கிவ் க்ளவுஸ்.' 'டெல் மீ இன் தமிழ்.' கடைசி வாக்கியத்தைச் சொல்லப் பழகும்போதுதான் வகுப்பில் அதிகச் சிரிப்பு வரும். தமிழில் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருக்கிறதே என்று. சிரித்து முடித்த பிறகு எல்லாரும் அதை மறுபடி ஒருமுறை உரக்கச் சொல்கிறார்கள்.

இலக்கணம் பிசகட்டும். அந்த ஆயாவின் ஆங்கிலத்திலும் பிசகு இருந்தது, ஆனாலும் யார் எவ்வளவு பால் எடுத்தார் என்பது நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும் நமக்குத் தெரிகிறது.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் உங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்த முதல் ஆள். அம்மாவின் சம்பளச் சீட்டை இன்றிரவு கேட்டு வாங்குங்கள். நீங்களே படித்துச் சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, அவரைப் படிக்க வையுங்கள். வேலை போன அந்த அக்கா இப்போது வேறோர் இடத்தில் வேலை பார்க்கிறார். போன மாதம் அவரிடம் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். 'ஐ வில் ரீட்' என்றாராம். அதற்கு மேல் வார்த்தை வரவில்லையாம். தாளை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

ஜெய் பீம்.